தட்டில் கேட்கும் கித்தார்

அந்தக் கிராமபோன் தட்டில் கித்தார் வாசித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் இன்னும் சில பேர் வேறு மாதிரி பேசிக்கொண்டு திரிகிறார்களாம். திரியட்டும். எனக்கும் காது இருக்கிறது, நடந்ததைச் சொல்ல வாயும் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்த சங்கதி. அப்போது நானும் அண்ணனும் மலாக்காவின் பண்டார் ஹிலிரில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா காலத்தில் ஜாசின் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டின குடும்பம்தான் எங்களுடையது. அண்ணன் நாலு எழுத்து படித்து, பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்கு வந்துவிட்டார். நானும் கூடவே வந்தேன். பக்கத்து வீடு செரானிக்காரர்கள், போர்த்துக்கீசிய வம்சம். அந்த வீட்டுப் பெண்கள் மீன் கழுவி முடித்த கையோடு படிக்கட்டில் உட்கார்ந்து கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார்கள். யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வேலியோரம் துணி காயப்போடும்போது பார்த்தேன், பார்த்ததை விரலில் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டுப் பையன் கப்பல் வேலைக்குப் போனபோது விட்டுப்போன சின்னக் கித்தார் அண்ணன் தயவில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். வயதுக்கு வந்த பெண் செரானிச்சி மாதிரி மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, இவளை எவன் கட்டுவான் என்று கேட்டார்கள். கட்டுகிறவன் கட்டட்டும், கட்டாதவன் வீட்டில் இருக்கட்டும் என்றேன். அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்துவிட்டால் எனக்கு ஊர் தூசு.

பட்டணத்தில் எங்களுக்கு ஒரு நாடகச் சபா இருந்தது. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். பெருநாள், திருவிழா என்றால் லாரி பிடித்துத் தோட்டம் தோட்டமாகப் போய் நாடகம் போடுவோம். அண்ணன் ஹார்மோனியம். ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடும் ஒருவர்தான் ராஜா வேஷம் கட்டிப் பாடுகிறவர். நான் அவரை மாமா என்பேன். சபாவின் காரியதரிசி ஒரு ரப்பர் கம்பெனி ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவரை எல்லாருமே கிராணி என்றுதான் கூப்பிடுவோம். சும்மா சொல்லக் கூடாது, லாரி பேசுவதிலிருந்து துரையிடம் அனுமதி வாங்குவது வரை எல்லாம் அவர்தான் பார்ப்பார். கித்தாரும் வாசிப்பார். அவருடையது பெரிய வயிறு வைத்த கித்தார். சிங்கப்பூரில் கடையில் வாங்கியது, முகம் பார்க்கலாம் போல மினுமினுக்கும். மேடையில் அவர் முன்னால் உட்காருவார், நான் படுதாவுக்குப் பின்னால் இருந்து வாசிப்பேன். சனங்களுக்கு எந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சனங்களுக்கு நாடகத்துக்காரன் எத்தனை கட்டையில் பாடுகிறான் என்பதுதான் பெரிய பேச்சு. ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறானோ அதுதான் கணக்கு. மேலே போகப் போகக் குரல் உச்சம், குரல் உச்சமானால் மதிப்பு உச்சம். பாட்டு நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எத்தன கட்டை?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் மாமாவுக்கு ஐந்து கட்டைக்காரர் என்று பெயர். லூபோக் சீனா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அந்தப் பெயருக்காகவே மாலை போட்டார்கள். அந்த மாலையைப் பூ உதிர்ந்த பிறகும் கடையில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தார்.

கிராணி எங்கெங்கோ பேசி, சிங்கப்பூருக்கு வந்து பாட்டுப் பதிவு செய்கிற ஒரு கிராமபோன் கம்பெனியைப் பிடித்தார். மூவார் வழியாக பஸ்ஸில் போனோம். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறை. காற்றாடி கூடக் கிடையாது, வியர்த்து ஊற்றியது. நடுவில் ஒரே ஒரு மைக்கு. வெள்ளைக்காரன் ஒருவன் மெழுகுத் தட்டில் பாட்டைச் செதுக்கிக்கொண்டான். ஹார்மோனியம் ஒன்று, கித்தார் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்றுவிட்டான். கிராணிதான் உட்கார்ந்தார், நான் மூலையில் நின்றேன். மாமா ஐந்து கட்டையில் பாடி முடித்தார்.

கைகாவலுக்கு இன்னொரு மெழுகில் அதே பாட்டை எடுக்க வேண்டும் என்றான் வெள்ளைக்காரன். மாமா தொண்டையைத் தடவினார். "இறுக்கிப் புடிக்குது. அரைக் கட்டை எறக்கிக்கலாம்" என்றார். அண்ணன் நாலரைக் கட்டைக்கு மாற்றிக்கொண்டார். கிராணியின் விரல்கள் ஐந்து கட்டைக்கு மட்டும்தான் பழகியிருந்தன. நினைத்த மாத்திரத்தில் இறக்க அவருக்கு வரவில்லை. எனக்கு வரும். செரானி வீட்டில் ஒவ்வொருத்தி குரலுக்கும் ஏற்றி இறக்கி வாசிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படித்தான் இரண்டாவது மெழுகுக்கு என் சின்னக் கித்தாரோடு நான் உட்கார்ந்தேன். இரண்டில் எது நன்றாக வந்திருக்கிறதோ அது தட்டாக அச்சாகி வரும் என்றான் வெள்ளைக்காரன். திரும்பி வரும் வழியில் மாமா எங்களிடம் ஒரே ஒரு வரம் கேட்டார். நாலரைக்கு இறங்கினதை வெளியே மூச்சு விடக் கூடாது. சரி என்றோம்.

பல மாதம் கழித்துத் தட்டு வந்தது. சபா அறையில், எங்கள் சபா கிராமபோனில் போட்டுக் கேட்டோம். மாடிப்படி வரைக்கும் ஆள் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் முதலில் யாரும் மாமாவைப் பற்றிப் பேசவில்லை. "கித்தாரு யாரு? என்னமா பேசுது" என்றார்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாடினவர் பெயர் மட்டும்தான் இருந்தது. எல்லாரும் கிராணி பக்கம் திரும்பினார்கள். ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிராணிக்கு வாயெல்லாம் பல்.

ஊசி தட்டில் விழுந்து நாலு தாளம் போவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் வாசிப்பு. "அது ரெண்டாவது மெழுகு. வாசிச்சது நான்" என்றேன். கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

"எப்படிச் சொல்ற தங்கச்சி?" என்று கிராணி நிதானமாகவே கேட்டார்.

"என் கித்தாருக்கு வயிறு சின்னது. சத்தம் ஒடுங்கி, மணியா கேக்கும். ஒங்களது பெரிய வயிறு, திம் திம்னு பரவும். தட்டுல எது கேக்குது?"

"மணியாத்தான் கேக்குது. வெலை கொடுத்து வாங்கின கித்தாரு மணியாத்தான் கேக்கும்" என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சண்டைதான். பாசாரில் மீன் வாங்கப் போனாலும் சின்ன வயிறு, பெரிய வயிறு என்று பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் கூட, "விடேன்மா, ஒரு தட்டுதானே" என்றார். ஒரு தட்டுதான். என் கை பேசினதற்கு இன்னொருத்தன் தலையாட்டுகிறான் என்றால் அது ஒரு தட்டா? நான் விடவில்லை.

அதற்குள் கம்பெனி ஆள் மலாக்காவுக்கு வந்தான். தட்டு நன்றாகப் போகிறதாம், இன்னும் இரண்டு பாட்டு வேண்டுமாம். "பாட்டுக்காரர், ஹார்மோனியம், அப்புறம் தட்டுல கேக்குற அதே கித்தார்க்காரர். வேற ஆள் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். இனி வெறும் பெருமைப் பேச்சு இல்லை. தட்டில் இருப்பவர் யாரோ அவர்தான் சிங்கப்பூருக்குப் போவார், மற்றவர் படுதாவுக்குப் பின்னால். அந்தக் கம்பளி அறைக்குள் இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபா அறையில் கூடினோம். மாமா, கிராணி, அண்ணன், நான். கித்தார் இரண்டும் வந்திருந்தன. மாமாவின் மனைவியும் வந்திருந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கோயிலுக்குப் போகிற வழியில் புருஷனைக் கூட்டிப் போக வந்தவர், இன்னும் முடியவில்லையா என்று சன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் கிராமபோன் கிடையாது. மாமா சபாவுக்கு அவரை அழைத்து வந்ததும் கிடையாது. அதனால் அத்தை அந்தத் தட்டை அதுவரை கேட்டதில்லை.

"எதுக்குச் சண்டை? முதல் மெழுகு அஞ்சு கட்டை, ரெண்டாவது நாலரை. தட்டு எத்தன கட்டைல ஓடுதுன்னு பாத்துட்டா முடிஞ்சுது" என்றார் கிராணி. நியாயமான பேச்சு. எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, புது ஊசி போட்டு, தட்டைச் சுழலவிட்டார். அண்ணன் ஹார்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துக் கட்டையை அழுத்தினார். நாலரை ஒட்டவில்லை. ஐந்தை அழுத்தினார். பாலும் தண்ணியும் மாதிரி சேர்ந்துகொண்டது.

அண்ணனுக்குப் பொய் வராது. தலையைத் தூக்காமல், "அஞ்சு கட்டைதான்" என்றார்.

"அப்புறம் என்ன தங்கச்சி?" என்றார் கிராணி. மாமா கண்ணை மூடி, தன் குரலுக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழுவதைவிடக் கடலில் விழலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காது அது என் கை என்கிறது, கட்டை இல்லை என்கிறது. அண்ணன் சொன்னதை எப்படிப் பொய் என்பேன்? அப்போதுதான் சன்னல் ஓரத்திலிருந்து அத்தை கேட்டார்.

"இது யாரு பாடுறது?"

"யாரா? ஒங்க வீட்டுக்காரர்தான் அத்தை."

"சும்மா இரு புள்ள. இது ஏதோ மீசை மொளைக்காத பையன் பாடுற மாதிரியில்ல இருக்கு. இவரு கொரலு எனக்குத் தெரியாதா? தெனம் காலைல குளிக்கிறப்பவே காது கிழியுதே."

கிராணி சிரித்துவிட்டார். மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்குப் பொறி தட்டியது. எழுந்து போய் கிராமபோனைப் பார்த்தேன். தட்டு சுழலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு திருகு இருக்கும். அது வேகத்தின் பக்கம் கடைசிவரை முறுக்கி வைத்திருந்தது. வேகமாகச் சுழன்றால் குரல் ஏறும், கட்டையும் ஏறும். பிறகு விசாரித்தால், எங்கள் சபாவில் மட்டும் இல்லை, தோட்டத்துக்குத் தோட்டம் அப்படித்தான் வைத்திருந்தார்கள். பாட்டுக்காரனுக்கு அரைக் கட்டை ஏறினால் கிராமபோன் வைத்திருப்பவனுக்கு அது தன் பெருமை. பெண் குரல் கிளிக்குரல் ஆனாலும் கவலை கிடையாது.

நான் திருகில் கை வைத்தேன். "அதைத் தொடாத" என்றார் மாமா. சத்தமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். யார் அதை முறுக்கினது என்று அந்தக் குரலிலேயே தெரிந்துபோயிற்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குப் பாவம் பார்த்தால் நான் படுதாவுக்குப் பின்னால்தான் சாக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகைத் தளர்த்தினேன்.

"கொறைச்சா எறங்கத்தான் செய்யும். நீ ஒனக்கு வேணுங்கிற எடத்துல நிறுத்திக்குவ" என்றார் கிராணி.

"நான் நிறுத்தல. அத்தை, ஒங்க வீட்டுக்காரர் கொரலு வந்ததும் நீங்க சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு மயிரிழை நான் திருப்ப மாட்டேன்."

அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "இன்னும் இல்ல... இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்து. இதுதான் எங்க வீட்டு மனுசன்." அண்ணனும் நிமிர்ந்தார். தட்டில் ஹார்மோனியம் கீழே இறங்கும்போது ஒரு கரகரப்புக் கேட்டது. அது எங்கள் வீட்டு ஹார்மோனியப் பெட்டியின் சொந்தக் கரகரப்பு, நான் தூக்கத்திலும் சொல்வேன். அண்ணன் நாலரைக் கட்டையை அழுத்தினார். ஒட்டிக்கொண்டது.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ரெண்டாவது மெழுகுதான்" என்றார். "அஞ்சு கட்டைன்னே இருந்திருக்கலாம்" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னார். "அஞ்சோ நாலோ, இப்பதான் கேக்க நல்லாயிருக்கு" என்றார் அத்தை.

முடிந்தது என்று நினைத்தேன். முடிய விடுவாரா கிராணி? குரலில் தேன் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சரி தங்கச்சி, நீ சொன்னதுதான் உண்மை. இத்தனை நாளா நீ என்ன சொன்ன? சின்ன வயிறு, மணிச் சத்தம், உன் கித்தாருதான் தட்டுல கேக்குதுன்னு சொன்ன. ஒத்துக்கிறேன்லா. கம்பெனிக்கு வேண்டியது அந்தச் சத்தம். உன் கித்தாரைக் குடு, நான் கொண்டு போறேன். நாலரைக் கட்டைக்கு நான் விரல் பழகிட்டேன். பொம்பளப் புள்ள எதுக்கு ரெண்டாந்தரம் அவ்வளவு தூரம் பஸ்ல அலையணும்?"

மாமா தலையாட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த பேச்சையே எடுத்து என் கழுத்தில் சுருக்குப் போட்டுவிட்டாரே.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

"கோவிச்சுக்காத. இங்க மட்டும் குடு, நான் ரெண்டையும் வாசிச்சுக் காட்டுறேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து கேளுங்க. எந்தக் கித்தாருன்னு நான் சொல்ல மாட்டேன். தட்டுல இருக்கிற சத்தம் எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். தன் மேல் அவ்வளவு நம்பிக்கை. மாமாவும் அத்தையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அண்ணன் மெல்லச் சுருதி பிடித்துக்கொண்டார்.

கிராணி முதலில் தன் பெரிய கித்தாரை எடுத்து வாசித்தார். சுத்தமாகத்தான் வாசித்தார். "இது இல்ல" என்றார் மாமா. கிராணி சிரித்துக்கொண்டே அதை நாற்காலியில் சாய்த்துவிட்டு, என் சின்னக் கித்தாரை எடுத்தார். அது என் மடியை விட்டு இன்னொருவர் மடியில் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதே பாட்டை வாசித்தார். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். அந்த மணிச் சத்தம் வரும், வந்துவிடும், வந்தால் என் கதை முடிந்தது என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை.

"இதுவும் இல்லையே கிராணி" என்றார் மாமா.

"நல்லாக் கேளுங்க" என்று கிராணி இன்னொரு தரம் வாசித்தார். "இல்லப்பா" என்றார் அத்தை. கிராணி கித்தாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். நரம்பு தளர்ந்திருக்கிறதா என்று காதில் வைத்துத் தட்டினார்.

நாற்காலியில் அவருடைய பெரிய கித்தார் சும்மா சாய்ந்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. எடுத்தேன். வயிறு அகலம், கை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. எட்டிப் பிடித்தேன். அண்ணனின் சுருதியோடு சேர்ந்து, அந்தக் கம்பளி அறையில் வாசித்தது போலவே கட்டைவிரல் சதையால் அழுத்தி, நகத்தால் கிள்ளி, உள்ளங்கையால் நரம்பை அடக்கி வாசித்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெரிய வயிற்றுக்குள்ளிருந்து தட்டில் கேட்ட அதே சத்தம் வந்தது. சின்ன வயிறு, பெரிய வயிறு என்று நான் தொண்டை வறளக் கத்தினதெல்லாம் தப்பு. அப்படி ஒரு தப்பு பண்ணினதற்கு அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை அதற்கு முன்னால் பட்டதில்லை.

மாமா நாற்காலிக் கையில் தட்டினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"ஆங், இதுதான். தட்டுல இருக்கிறது இதேதான். அந்தச் சின்னக் கித்தாரே கித்தாரு. கிராணி, ஒங்க கைல என்னமா பேசுது பாருங்க. நீங்களே வாங்க சிங்கப்பூருக்கு."

சொல்லி முடித்துவிட்டு அவர் திரும்பினார். அத்தையும் திரும்பினார். கிராணி என் சின்னக் கித்தாரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெரிய கித்தார் என் மடியில் இருந்தது. அண்ணன் ஹார்மோனியத்தின் துருத்தியை விட்டுவிட்டார்.

"எந்தக் கித்தாரைக் கொண்டுபோறதுன்னு நீங்க எல்லாம் பேசி முடிவு பண்ணுங்க மாமா" என்றேன். "நான் என்னிக்குக் கெளம்பணும், அத மட்டும் சொல்லுங்க."